பெண்கள் பாதையிலிருந்து தெரியாத சுவர்

தொர்காலோ,
ஜூலை 11, 1985

அன்புள்ள மாக்வாலா சித்திக்கு, தெப்ரோலே வணக்கத்துடன் எழுதுவது.

நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன். லாரியில் ஏறும்போது என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இங்க நடக்கறதையெல்லாம் எழுது தெப்ரோ. ஆனா உண்மையா எழுது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அதனால் இன்றே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கணவாயில் தலை சுற்றியதா? லாரி ஓட்டும் கோச்சா அண்ணன் திரும்பி வந்து, "உங்க சித்தி வழி பூரா ஒரு வார்த்தை பேசலம்மா. பள்ளத்தையே பாத்துக்கிட்டு வந்துச்சு. எனக்குத்தான் பயமாப் போச்சு" என்றார்.

திருவிழாவுக்குக் காய்ச்சிப் புளித்துப்போன பீர் முழுவதையும் செவ்வாய்க்கிழமை ஆற்றில் கொட்டிவிட்டார்கள். இந்த வருஷம் திருவிழா முறை நம் வீட்டுக்கு என்பதால் சித்தப்பாவே சுமந்து போய்க் கொட்டினார். யாரும் கை கொடுக்கவில்லை. பிறகு செப்புக் கொப்பரையை மணல் போட்டு மூன்று முறை தேய்த்தார். பெண்களாகிய நாங்கள் வழக்கம்போலத் தூரத்தில் நின்று பார்த்தோம். பூசாரி உதுர்கா பெரியவர், "கோயில் எல்லைக்குள்ள பொம்பளைக் கால் பட்டா பீர் எப்படிப்பா பொங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊற்றுக்குப் பக்கத்தில் சேற்றில் பதிந்திருந்த அந்தத் தடத்தின் மேல் கூடை கவிழ்த்து வைத்திருந்தார்களே, அந்தக் கூடையை எடுத்துவிட்டு மண்வெட்டியால் கொத்திப் போட்டார்கள்.

உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை சித்தி. அம்மா, "பாவம், கீழ்நாட்டுப் பொண்ணு. கல்யாணமாகி எட்டு மாசம். எது எல்லைன்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்கிறாள். எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். உங்களுடைய ரப்பர் காலணி அந்தத் தடத்தில் அச்சாகப் பொருந்தியது. அதன் பிறகு சித்தப்பாவால் என்ன பேச முடியும்? திருவிழா முடியும் வரைக்கும்தானே அனுப்பியிருக்கிறார்.

என் வேலை நன்றாக நடக்கிறது. பள்ளியின் உள்ளூர் வரலாற்றுக் குழுவுக்காக நம் பள்ளத்தாக்கின் மலைப்பாதைகள், பழைய கோயில்கள், காவல் கோபுரங்கள் எல்லாவற்றையும் வரைபடமாகப் போடுகிறேன். எட்டுப் பாதைகளில் ஆறு முடிந்தது. எல்லாம் என் காலடிக் கணக்கு. கியோர்கி கோயில் பக்கம்தான் சங்கடம். ஆண்கள் பாதை கோயிலை ஒட்டி நேராகப் போகிறது. பெண்கள் பாதை சரிவில் இறங்கி, காஞ்சொறிப் புதருக்குள் வளைந்து, மறுபடி ஏறுகிறது. நமக்கு அரை மணி நேரம் கூடுதல். அதிலிருந்து கோயிலின் முன்சுவரும், மேலே அடுக்கிய கடாக் கொம்புகளும் மட்டும்தான் தெரியும். வரைபடத்தில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தெப்ரோலே

*

அலஸானிக்கரை,
ஜூலை 19

தெப்ரோ கண்ணுக்கு, சித்தியின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். என் அப்பாவுக்கு முதுகுவலி, ஆனால் திராட்சைத் தோட்டத்தை விட்டு வர மாட்டேன் என்கிறார். இங்கே வெயில் கொளுத்துகிறது. ஊரில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மலையில வாழப் போனவ, கோடையில எதுக்குடி எறங்கி வந்தே? நாங்கெல்லாம் கோடையிலதான மேல போகணும்னு ஏங்குறோம்?" பல்வலி, தெலாவி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அப்பா என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைக் கையால் பொத்திக்கொள்ளச் சொல்கிறார். உண்மையாகவே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை போலிருக்கிறது.

என் ரப்பர் காலணியை அங்கேயே விட்டுவிட்டேன். வலது குதிகாலில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருக்கும். பனியில் நடக்க யாருக்காவது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் மட்டும் காய வைக்காதே, வெடித்துவிடும்.

உன் சித்தப்பா கடிதம் ஏதாவது கொடுத்தாரா? கோச்சாவிடம் கேட்டேன். இல்லை என்றான். அவன் மறந்திருக்கலாம்.

உன் வரைபடத்தில் அந்த வெறும் இடத்தை எப்படி நிரப்பினாய்?

மாக்வாலா சித்தி

*

தொர்காலோ,
ஜூலை 29

அன்புள்ள சித்திக்கு வணக்கம். உங்கள் அப்பாவின் முதுகுவலிக்கு அம்மா ஆட்டுக் கொழுப்பு உருக்கி அனுப்பியிருக்கிறாள். சூடு செய்து தடவ வேண்டுமாம். உங்களுக்கு உண்மையில் பல்வலி இல்லையே?

திருவிழா நன்றாக முடிந்தது. சித்தப்பா உங்கள் பெயரால் கோயிலுக்கு ஒரு கடா கொடுத்தார். மந்தையில் இருந்ததிலேயே நல்லது, கறுப்பு முகக் கடா. நாங்கள் பெண்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலும் உதுர்கா பெரியவரின் குரல் கேட்டது. "மாக்வாலாவோட அறியாத காலடியை மன்னிச்சிடு" என்று உரக்கச் சொன்னார். எல்லா ஆண்களும் தொப்பியைக் கழற்றினார்கள். அதன் பிறகு புதிதாகக் காய்ச்சிய பீரைத் திறந்தார்கள். நுரை கொப்பரை விளிம்பு வரை வந்ததாம். அப்பா வீட்டுக்கு வந்து, "பாத்தியா, தீந்துச்சு. ஒரு கடாவுல போச்சு" என்றார். பெண்களுக்கும் ஒரு குடம் அனுப்பினார்கள். நான் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை.

சித்தப்பா கடிதம் தரவில்லை. இரண்டு முறை ஜாடையாகக் கேட்டேன். குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டே, "எழுதுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். மறுநாளே மந்தையோடு மேல் மேய்ச்சலுக்குப் போய்விட்டார். அது இரண்டு நாள் நடை.

வரைபடம் முடிந்துவிட்டது சித்தி! தமாரா கோபுரத்துப் பாதை 3,120 அடி. பழைய கல்லறைப் பாதை 1,870. அதில் பாலம் உடைந்திருப்பதால் ஆற்றைத் தாண்ட எண்ணிய அடிகள் தனி. வாத்தியார் பார்த்தால் குதிப்பார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எது தெரியுமா? கியோர்கி கோயிலின் பின்சுவரில், பனிமலையைப் பார்த்த பக்கம், ஒரு கல்லில் மனிதக் கை செதுக்கியிருக்கிறது. ஆறு விரல்! கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. கட்டிய கொத்தனாரின் கையாகத்தான் இருக்கும். தன் கையையே கல்லில் வைத்து வரைந்திருப்பான். மழை படாத இடம் என்பதால் உளித் தடம் நேற்று வெட்டியது போல இருக்கிறது. எழுநூறு வருஷம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். என் கையைவிட ஒரு விரற்கடைதான் பெரிது.

ஆவலுடன்,
தெப்ரோலே

*

அலஸானிக்கரை,
ஆகஸ்ட் 5

தெப்ரோவுக்கு.

நலம். கொழுப்பு வந்து சேர்ந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் தேவலை. முதுகு நிமிர்ந்ததும் கோபமும் நிமிர்ந்துவிட்டது. கடா கொடுத்த விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "தப்பு செஞ்சவ இவதான்னு கோயில்லயே எழுதி வெச்சுட்டாங்களா?" என்று கத்தினார். திராட்சை அறுவடைக்குள் உன் சித்தப்பா ஷேத்தே மரியாதையாக வந்து அழைத்துப் போகாவிட்டால், என் சீர்ப்பெட்டியை இறக்கிக்கொண்டு வர ஆள் அனுப்புவாராம். அவர் சொன்னால் செய்வார். அறுவடை செப்டம்பர் கடைசியில்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு விரல் கை, பெண்கள் பாதையிலிருந்து தெரியுமா?

சித்தி

*

தொர்காலோ,
ஆகஸ்ட் 13

அன்புள்ள சித்திக்கு, தெப்ரோலே எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

புல் அறுப்பு நடக்கிறது. இந்த வருஷம் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. அப்பா ஒரு நாளில் அறுத்ததை நானும் அம்மாவும் இரண்டு நாள் புரட்டிப் போட்டோம். திங்கட்கிழமை ஆலங்கட்டி மழை. ஒவ்வொன்றும் புறா முட்டை அளவு. எங்கள் சிவப்புப் பசுவுக்குக் கொம்பில் விரிசல். கிழக்குக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு கற்கள் சரிந்தன, வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. தயிர்க்கட்டி வைத்த ரொட்டி சுடும்போதெல்லாம் அம்மா உங்களை நினைக்கிறாள். "அவ கை மெல்லிசாத் தட்டும்" என்கிறாள்.

இமயமலையில் மரக்கோடு, அதாவது மரம் வளரும் கடைசி உயரம், எங்கே இருக்கிறது என்று படித்தேன். நம் மலையைவிட மிக அதிகம்.

பெட்டி எடுக்க ஆள் வரப்போவதை அப்பாவிடம் சொன்னேன். "கோவத்துல சொல்றது. பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

இன்னும் எழுத ஆசை. தாள் முடிந்துவிட்டது.

தெப்ரோலே

*

தொர்காலோ,
ஆகஸ்ட் 24

அன்புள்ள சித்திக்கு.

இரண்டு முறை லாரி வந்துவிட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை கோச்சா அண்ணன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, "பாத்துக்க, சூரியகாந்தி விதை மட்டும்தான் இருக்கு. வேணுமா?" என்றார். நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்குத் தைரியம் இல்லை. போன கடிதத்தில் தாள் முடியவில்லை. பின்பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தெரியாது சித்தி. பெண்கள் பாதையிலிருந்து அந்தக் கை தெரியாது. அது தெரிய வேண்டுமானால் எல்லைக் கல்லைத் தாண்டி, கோயிலைச் சுற்றிப் பின்னால் போக வேண்டும். நான் போனேன்.

ஜூலை 7, ஞாயிறு. ஆண்கள் எல்லோரும் பீர் கொப்பரையடியில் இருந்தார்கள், கோயில் பக்கம் ஆளே இல்லை. வரைபடத்தில் அந்த வெறும் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவிடம் அடிகளை எண்ணி வரச் சொல்லியிருந்தேன். வந்து, "ஒரு எரநூறு இருக்கும்" என்றார். ஒரு எரநூறு! எனக்கு அழுகை வந்தது. மற்றப் பாதைகள் எல்லாம் கடைசி அடி வரை சரியாக இருக்கும்போது இது மட்டும் உத்தேசமாகவா இருக்கும்? என் காலணி கிழிந்திருந்தது. வாசலில் உங்களுடையது இருந்தது. போட்டுக்கொண்டு போனேன். 214 அடிகள். கொம்புகளை எண்ணினேன். பின்பக்கம் போய் அந்தக் கையின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். திரும்பும்போது ஊற்றில் தண்ணீர் குடித்தேன். அங்கேதான் சேறு. பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் காலணியைத் தடத்தில் வைத்துப் பார்த்து, அதோடு ஆண்கள் நம் வாசலுக்கு வந்தபோது, நான் ரொட்டித் தட்டோடு கதவருகே நின்றேன். நீங்கள் காலணியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். 'நான்தான்' என்ற சொல் என் பல் வரைக்கும் வந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அப்பாடா என்று இருந்தது சித்தி. அதையும் எழுத வேண்டும். ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. அதன் பிறகு நான் தட்டை உள்ளே கொண்டு போய் வைத்தேன். ரொட்டியை எண்ணினேன். ஒன்பது.

பீர் என் காலால்தான் கெட்டதா என்று எனக்குத் தெரியாது. கொப்பரை சரியாகக் கழுவாததால் இருக்கும் என்று கோச்சா அண்ணன் சொல்கிறார். எதுவாக இருந்தாலும் நீங்கள் அங்கே கன்னத்தைப் பொத்திக்கொண்டு நடப்பது என்னால்.

தெப்ரோலே

*

அலஸானிக்கரை,
ஆகஸ்ட் 27

தெப்ரோவுக்கு.

நான் நலம்தான்.

எனக்கு அன்றைக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடு கறக்கப் போக வாசலுக்கு வந்தேன், காலணி இல்லை. வெறுங்காலோடு போய்க் கறந்துவிட்டு வந்தேன். காலணி இருந்தது, ஈரமாக. நீ உள்ளே உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாய். உன் காதெல்லாம் சிவந்திருந்தது.

நான் பெரிய மனது பண்ணிப் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. முதலில் அப்படித்தான் நினைத்தேன். சின்னப் பெண், நாளைக்கு இந்த மலையிலேயே வாழ வேண்டியவள், நான் வெளியூர்க்காரி, என்னை மன்னித்துவிடுவார்கள் என்று. லாரி கணவாயைத் தாண்டுவதற்குள் கோபம் வந்துவிட்டது. உண்மையாக எழுது என்று அதனால்தான் சொன்னேன். ஒவ்வொரு லாரிக்கும் முச்சந்தியில் போய் நின்றேன். நீ எனக்கு ஆலங்கட்டி எழுதினாய். இமயமலை எழுதினாய்.

இப்போது எழுதியிருப்பது எனக்குத் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் மேலே இருக்கிறார்கள்.

சித்தி

*

கீழ் அல்வானி,
செப்டம்பர் 2

அன்புள்ள சித்திக்கு.

பள்ளி திறந்துவிட்டது, எப்போதும்போல அம்மாவோடு சனிக்கிழமை பள்ளிக்கால வீட்டுக்கு இறங்கி வந்தோம். உடல் நலம்தான்.

புறப்படும் முன்பே சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தவில்லை. "யாருகிட்டயாவது சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். சித்தியிடம் என்றேன். "அவளோட நிக்கட்டும்" என்றார்.

நான் உதுர்கா பெரியவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் ஆட்டு மயிர் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், காலணி உட்பட. கையிலிருந்த மயிரைப் பிரித்து முடித்தார். பிறகு, "எதுக்கும்மா இப்ப வந்து சொல்றே?" என்றார்.

"சித்தி பேருல கடா குடுத்தது தப்புங்க, பெரியவரே. அவங்க போகவே இல்லை."

"குடுத்தாச்சு. சாமி ஏத்துக்கிச்சு. பீர் பொங்கிச்சு. இப்ப நான் போய், சாமி, பேரு மாறிப் போச்சு, அந்தக் கடாவைத் திருப்பிக் குடுன்னு கேக்கவா?"

"அப்ப என் பேருல ஒண்ணு குடுங்க."

"குடுத்தா, போன கடா பொய்க் கடான்னு ஆகும். பொய் ஆளு பேரைச் சாமி முன்னாடி சொன்னவன் நான்." பிரித்து வைத்த மயிரையெல்லாம் மறுபடி ஒன்றாகச் சுருட்டினார் சித்தி. எனக்குப் பயமாக இருந்தது. "அறுபது வருஷமாப் பேரு சொல்றேன். ஒரு தடவை மாறினதில்ல. வீட்டுக்குப் போ. படிக்கிற பொண்ணு, வாய மூடிக்கிட்டுப் படி."

இரவு அப்பா அம்மாவிடம், "இப்ப ஒரு வீட்டுக்குத்தான் தலைகுனிவு. இவ பேசினா கோயிலுக்கும் சேத்து" என்பது கேட்டது. சித்தப்பாவிடம் தானே சொல்வதாகச் சொன்னார். சொல்ல மாட்டார். அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று புத்தகங்களில் இருக்கிறது. இறங்கவில்லை. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் அங்கே வரலாமா? உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

தெப்ரோலே

*

அலஸானிக்கரை,
செப்டம்பர் 9

தெப்ரோவுக்கு.

வா. சனிக்கிழமை மூன்று மணிப் பேருந்து பாலத்தடியில் நிற்கும். அப்பா கத்துவார். நான் குறுக்கே வர மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவடை 26ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. பெட்டி எடுக்க அதற்கு முந்தின நாள் லாரி பேசியிருக்கிறார்.

சால்வை கொண்டு வா. மாலையில் ஆற்றுக் காற்று.

மா.

*

அலஸானிக்கரை,
செப்டம்பர் 14, சனிக்கிழமை

அன்புள்ள ஷேத்தே சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் தெப்ரோலே வணக்கத்துடன் எழுதுவது.

மேய்ச்சலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே முதல் பனி விழுந்துவிட்டதாகக் கேள்வி. இந்தக் கடிதத்தைக் கோச்சா அண்ணனிடம் கொடுக்கிறேன். தொர்காலோவில் வேறு யாரிடமும் தராமல், மேல் மேய்ச்சலுக்கு உப்பு கொண்டு வருபவரிடம் நேரே கொடுக்கச் சொல்லப் போகிறேன். நான் இப்போது மாக்வாலா சித்தியின் அப்பா வீட்டில் இருக்கிறேன்.

கோயில் எல்லைக்குள் போனது சித்தி இல்லை. நான். ஜூலை 7 காலையில், சித்தியின் காலணியைப் போட்டுக்கொண்டு போனேன். அப்பாவுக்குத் தெரியும். பூசாரிக்கும் தெரியும். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று இங்கே நடந்ததை எழுதுகிறேன். சித்தியின் அப்பா கிகோ தாத்தா, பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும் வரை நின்றபடியே கேட்டார். பிறகு, "உன் வயசென்ன?" என்றார். பதினாலு என்றேன். "பதினாலு வயசுப் புள்ளை பஸ் புடிச்சு வருது. முப்பத்தோரு வயசுக்காரன் மேல ஆடு எண்ணிக்கிட்டு இருக்கான்." அதற்குப் பிறகு கத்த ஆரம்பித்தார். "கோயிலுக்குப் பொம்பளை ஆகாது. பீருக்குப் பொம்பளை ஆகாது. பழி போட மட்டும் பொம்பளை ஆகுமா உங்க ஊருல?" பக்கத்து வீட்டார் வேலி மேல் எட்டிப் பார்த்தார்கள். நான் அழக் கூடாது என்று இருந்தேன். அழுதுவிட்டேன். அப்படியே வேலிப் பக்கம் திரும்பி, "சித்திக்குப் பல்வலி இல்லைங்க. என் தப்புக்காக அனுப்பிட்டாங்க" என்று அவர்களிடமும் சொன்னேன். அவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கிகோ தாத்தா கத்துவதை நிறுத்திவிட்டு, "சாப்பிட வா" என்றார்.

சாப்பாட்டில் வறுத்த கத்தரிக்காய், அவித்த சோளம். அதன் பிறகு சித்தியிடம், இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும், நீங்கள் மேலே வரலாம் அல்லவா என்று கேட்டேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ வந்து சொன்னது நல்லது தெப்ரோ. ஆனா உன் கால்தடத்தால நான் இங்க வரல. அன்னைக்கு எல்லாரும் வாசல்ல நிக்கறப்ப உன் சித்தப்பா என்ன கேட்டாரு, ஞாபகம் இருக்கா? 'ஏண்டி போனே?'ன்னு கேட்டாரு. நான் போனேனான்னு கேக்கல. எட்டு மாசம் ஒரே தட்டுல சாப்பிட்ட மனுஷன். கேட்டிருந்தா, உன்னைக் காட்டிக் குடுக்காம, நான் இல்லைன்னு மட்டும் சொல்லியிருப்பேன். அவரு நம்பியிருப்பாருன்னுதான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அது நிஜமான்னு எனக்குத் தெரியணும்."

எனக்கு ஞாபகம் இருக்கிறது சித்தப்பா. நீங்கள் அப்படித்தான் கேட்டீர்கள். நான் பக்கத்தில் ரொட்டித் தட்டோடு நின்றேன்.

அதனால் கடா, பீர், சீர் எதுவும் கொண்டு வர வேண்டாம். பெரியவர்களைக் கூட்டி வர வேண்டாம். 25ஆம் தேதிக்குள் நீங்கள் தனியாக வந்து, கேட்காமல் விட்ட கேள்வியைக் கேளுங்கள். பதில் என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு கேட்பது லேசு. அவ்வளவு லேசான கேள்வியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் சித்திக்குப் போதுமா என்று கேட்டேன். "வரட்டும், பாக்கலாம்" என்றார்கள். போதும் என்று சொல்லவில்லை.

சின்னப் பெண் இதையெல்லாம் எழுதுகிறாளே என்று கோபம் வரும். என் பெயரை ஊரில் சொல்லுங்கள். பூசாரி மறுத்தாலும் நான் மறுக்க மாட்டேன். பள்ளியில் அந்த வரைபடத்தை வாத்தியார் சுவரில் மாட்டியிருந்தார். நேற்று அவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டேன். ஏன் என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். அவர்களிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

கிகோ தாத்தா இரண்டு முறை இருமிக் காட்டிவிட்டார், படுக்கும் நேரம். உங்களுக்காக வாசல் விளக்கை எரியவிட்டிருக்கிறார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. சித்திதான் எழுந்து போனார்கள். நான் எழுதும் இந்த மெழுகுவத்தியைத் தவிர, வாசல், கூடம், சமையல் கட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.

தெப்ரோலே